சவுக்கா, பிளாஸ்டிக்கா? கிறிஸ்துமஸ் மரம் வாங்கும் முன்

கிறிஸ்துமஸ் மரமாக வைக்கும் ஃபிர், ஸ்புரூஸ் எல்லாம் குளிர்நாட்டு மரங்கள். சென்னையில் நிஜ மரம் என்றால் பெரும்பாலும் சவுக்குக் கிளைதான். அதையும் கடையில் விற்கும் பிளாஸ்டிக் மரத்தையும் வைத்துப் பார்ப்போம்.

செலவு: சவுக்குக்கு வருடா வருடம் கொஞ்சம். பிளாஸ்டிக்குக்கு ஒரே தடவை, கூடுதலாக.

உழைப்பு: சவுக்கை வாளியில் ஈர மணல் நிரப்பி நட வேண்டும். என்ன செய்தாலும் சில நாளில் பழுப்பேறி, ஊசி ஊசியாகத் தரையெல்லாம் உதிரும். டிசம்பர் முதல் வாரமே மரம் வைக்கிற வீட்டுக்கு அது தாங்காது. பிளாஸ்டிக்கில் கிளைகளை விரித்துவிட்டால் வேலை முடிந்தது.

அலங்காரம்: சவுக்கின் கிளை நுனி மெல்லியது, கண்ணாடி உருண்டை மாட்டினால் தொய்ந்துவிடும். பஞ்சும் காகித நட்சத்திரமும்தான் அதற்குச் சரி. பிளாஸ்டிக் கிளைக்குள் கம்பி இருப்பதால் கனம் தாங்கும்.

பாதுகாப்பு: சவுக்கு விறகுக்கும் வளர்க்கும் மரம். காய்ந்தால் சட்டென்று பற்றும். பக்கத்தில் மெழுகுவத்தி வேண்டவே வேண்டாம். அப்புறம், எந்த மரமானாலும் சீரியல் லைட்டை அணைத்துவிட்டுத் தூங்குங்கள்.

குப்பை: சவுக்கு மட்கிவிடும். பிளாஸ்டிக் மட்காது. அதை இரண்டு மூன்று வருடத்தில் தூக்கிப் போடுவதுதான் எனக்கு மனசுக்கு ஒப்பவில்லை.

சின்ன ஃபிளாட், வேலைக்குப் போகிறவர்கள், பத்து வருடமாவது பத்திரமாக வைத்துக்கொள்வோம் என்பவர்கள் பிளாஸ்டிக் வாங்கலாம். பண்டிகைக்கு இரண்டு நாள் முன்பு குழந்தைகளோடு மரம் கட்டுகிற வீட்டுக்குச் சவுக்கையே சொல்வேன். மொட்டை மாடி இருந்தால் தொட்டியில் அரவுக்கேரியா (கிறிஸ்துமஸ் மரம் போலவே அடுக்கடுக்காகக் கிளை விடும் மரம்) வளர்க்கலாம், வெட்டவே வேண்டாம்.