ஒகேனக்கல் பாறையும் மாமல்லபுரக் கல்லும்

ஒகேனக்கல்லில் காவிரி பாறையைத் தேய்ப்பதும், மாமல்லபுரத்தில் கடல் கற்கோயிலை அரிப்பதும் ஒரே வேலையல்ல. ஆற்றில் தண்ணீரைவிட அது உருட்டி வரும் மணலும் கூழாங்கல்லுமே உளியாகின்றன. சுழலில் சிக்கிய கல் வெள்ளந்தோறும் சுற்றிச் சுற்றி, ஆட்டுக்கல்லைப் போல வழுவழுப்பான குழியைக் குடைந்துவிடுகிறது. கடற்கரையிலோ அலை எட்டாத உயரத்திலும் சேதம் நிகழ்கிறது: உப்புக்காற்றின் ஈரம் கல்லின் நுண்துளைகளில் புகுந்து, வெயிலில் உலர்ந்து, உப்பு படிகமாகி விரியும்போது, கருங்கல்லே மணிமணியாக உதிர்கிறது. 8-ஆம் நூற்றாண்டில் பல்லவ மன்னன் ராஜசிம்மன் எழுப்பிய கடற்கரைக் கோயிலில், முகம் மழுங்கிய சிற்பங்களை அருகில் நின்று பார்க்கையில் நெஞ்சு கனக்கிறது. என் கணிப்பில் இரண்டில் கொடியது உப்பே. அலையைத் தடுக்கக் கொட்டிய பாறைகளால் அதை நிறுத்த இயலாது, காற்றை மறிக்கும் சவுக்கு மரங்களே ஓரளவு காக்கின்றன.