ஜெட் ஸ்கி இஞ்சின் திருத்தக் குடுக்கிற ஆக்கள் கவனம்! என்ரை 485,000 ரூபா போன கதை

நேற்றுத்தான் இஞ்சினைப் பிரிச்சுப் பாத்தம். இரவு முழுக்க நித்திரை இல்லை. யாழ்ப்பாணத்தில பழைய ஜெட் ஸ்கியோ போட் இஞ்சினோ வைச்சிருக்கிற ஆக்கள் தயவுசெய்து கடைசி வரைக்கும் வாசியுங்கோ. 485,000 ரூபா. நாலு லட்சத்து எண்பத்தையாயிரம். சீட்டுக் காசும், மனுசியின்ரை காப்பு அடைவு வைச்ச காசும் சேர்ந்தது அது.

என்னட்ட இருக்கிறது தொண்ணூறுகளில வந்த யமஹா வேவ்றன்னர் ஜெட் ஸ்கி, தண்ணியில ஓடுற ஸ்கூட்டர் மாதிரி. ரெண்டு சிலிண்டர், 701 சிசி, ரூ ஸ்ட்ரோக் (பெற்றோலோட ஒயில் கலந்து ஓடுற இஞ்சின்). நானும் மச்சானும் காரைநகர் கசூரினாக் கடற்கரையில ஆக்களை ஏத்தி ஓடுறனாங்கள். சோளகம் (தென்மேல் காத்து) வீசுற மாதங்களில காரைநகர்ப் பக்கம் கடல் அடங்கிக் கிடக்கும். நல்லூர்த் திருவிழாவுக்கு வெளிநாட்டுச் சனம் வந்து இறங்கிறதும் அந்த நேரந்தான். வாடை (வடகீழ் காத்து) தொடங்கினால் உழைப்பு முடிஞ்சுது.

இந்த முறை சீசனுக்கு முதல் ஒரு சிலிண்டரில கொம்பிரஷன் (உள்ள அமுக்கிற அழுத்தம்) விழுந்திட்டுது. மற்றது 150 பிஎஸ்ஐ காட்ட, இது 90ஐத் தாண்டேல்லை. டவுனுக்கு வெளியில, கடல் இஞ்சின் வேலைதான் எங்கட வேலை எண்டு வீடியோ போட்டு விளம்பரம் செய்யிற ஒரு கராச்சுக்குக் கொண்டுபோனம். பேரை இங்க போடேல்லை.

அந்த மனுசன் ஹெட்டை (சிலிண்டர் மூடியை)க் கழட்டி, என்ரை கையைப் பிடிச்சுச் சிலிண்டருக்குள்ள விட்டு, "தம்பி, நகத்தால தடவிப் பாருங்கோ, கோடு தட்டுப்படுதோ?" எண்டு கேட்டார். தட்டுப்பட்டது. உப்புத்தண்ணி உள்ள நிண்டால் கிராங் (பிஸ்டன் சுத்திற தண்டு) பெயரிங் எப்பிடித் துருப்பிடிக்கும், காத்துப் புகாமல் அடைக்கிற கிராங் சீல் காய்ஞ்சால் அதுக்கால காத்து இழுபட்டு, பெற்றோல் கலவை குறைஞ்சு, சூடேறிப் பிஸ்டன் எப்பிடி உருகும் எண்டெல்லாம் ஒரு வாத்தியார் மாதிரி விளங்கப்படுத்தினார். அவர் சொன்னது அத்தனையும் சரி. அதுதான் எனக்கு வயிறு எரியுது. தெரியாதவன் செய்தால் பிழை எண்டு விட்டிடலாம். இது எல்லாம் தெரிஞ்ச மனுசன் செய்தது.

"சிலிண்டர் விட்டத்தை 81 மில்லிமீற்றரிலயே திருப்பிக் கட்டினால் பழைய பவர்தான் வரும். 84 சிலிண்டர் போடுவம், 760 மொடல் இஞ்சின் மாதிரி ஆகிடும், ரெண்டு பேரை ஏத்தினாலும் இழுக்கும்" எண்டார். புதுக் கிராங், பிஸ்டன் ரெண்டு, றிங், சீல் செற், றீட் (காத்து உள்ள விடுற தகட்டு வால்வு), பெரிய சிலிண்டருக்கு ஏத்த ஜெற் (காபரேற்றரில பெற்றோல் விடுற துளை), எல்லாம் சேர்த்து 485,000. சாமான் வெளிநாட்டில இருந்து வரவேணுமாம், முழுக்காசும் முதலே வேணுமாம். மச்சான் சிட்டை கேட்டவர். "உங்கட அப்பாவை எனக்குத் தெரியாதே? ஊர்காவற்துறைக்கு ஒரே லோஞ்சில போய் வந்தனாங்கள். வேலை முடிய எல்லாம் எழுதித் தாறன்" எண்டு சொல்லிப்போட்டு, காசைச் சாமிப் படத்துக்கு முன்னால வைச்சுக் கும்பிட்டார். எங்களுக்குத் தேத்தண்ணியும் வந்தது.

பிறகு தொடங்கினது இழுவை. சாமான் கஸ்டம்ஸில நிக்குதாம். கிராங் வந்திட்டுதாம், சீல் வரேல்லையாம். லேத் பொடியன் வீட்டில செத்தவீடாம். நேர போனால் "ஐயா இப்பதான் வெளிக்கிட்டவர்" எண்டு ஆரோ ஒரு பொடியன் சொல்லுவான், உள்ளுக்குள்ள அவரின்ரை குரல் கேக்கும். நல்லூர்க் கொடி ஏறி, தேர் முடிஞ்சு, தீர்த்தமும் முடிஞ்ச பிறகுதான் இஞ்சின் கைக்கு வந்தது. வெளியில பளபளவெண்டு வெள்ளிப் பெயின்ற். சிட்டையில எழுதியிருந்தது: "இஞ்சின் வேலை 485,000". வேற ஒரு சொல்லும் இல்லை.

பெற்றோல் லீற்றருக்கு 25 மில்லி ஒயில் கலக்கச் சொல்லி அவரே டாங் மூடியில எழுதித் தந்தவர். அப்பிடியே கலந்து, மெதுவாய் ஓடிப் பழக்கித்தான் வேகம் கூட்டினம். கொஞ்ச நேரத்தில சத்தம் மாறி, அப்பிடியே நிண்டிட்டுது. மீன்பிடிப் போட் ஒண்டுதான் கட்டி இழுத்துக் கரை சேர்த்தது.

குருநகரில போட் இஞ்சின் திருத்திற அண்ணை ஒராள் எங்களுக்கு முன்னாலயே பிரிச்சவர். ஒரு பிஸ்டன் தலையில பெருவிரல் போற அளவு ஓட்டை. பிளக்கில அலுமினியம் உருகி ஒட்டியிருக்கு. அண்ணை ஒண்டும் பேசாமல் வேர்னியரை எடுத்துச் சிலிண்டரை அளந்து எனக்கு நீட்டினார். 81 சொச்சம். 84 எண்டு காசு வாங்கின சிலிண்டர்! பழைய சிலிண்டரையே லேசாய்த் தேய்ச்சுப்போட்டு விட்டிருக்கினம். கிராங்கில வயர் பிரஷ் போட்டார், சில்வர் பெயின்ற் கழண்டு கீழ துருக்குழி தெரிஞ்சுது. சீலை நகத்தால அழுத்த, அமுங்காமல் வெடிச்சுது. காபரேற்றர் ஸ்க்ரூத் தலையில பழைய உப்பு அப்பிடியே கிடந்தது, திறந்தே பாக்கேல்லை. சீல் காய்ஞ்சால் பிஸ்டன் உருகும் எண்டு எனக்குப் படிப்பிச்ச அதே ஆள், அந்தக் காய்ஞ்ச சீலையே திருப்பிப் போட்டு மூடித் தந்திருக்கிறார்.

எல்லாத்தையும் பெட்டியில போட்டுக்கொண்டு போனம். முதல் "ஒயில் கலவை பிழை" எண்டார். டாங் மூடியைக் காட்ட, "84 எண்டு நான் சொல்லவே இல்லை" எண்டார். அவர் அனுப்பின வொய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்ட, "உப்புத்தண்ணியில ஓடினதுக்கு வாறண்டி இல்லை" எண்டு கதையை மாத்தினார். கடலில ஓடுற சாமானுக்குக் கடலில ஓடினால் பொறுப்பில்லை எண்டால், எந்த மனசோட எங்கட காசை வாங்கினவர்? இப்ப போன் அடிச்சால் வெட்டுறார். 485,000 ரூபாயும் போய், சீசனும் போய், அடைவுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கு.

எப்பிடிக் குடுக்கவேணும், என்ன பாக்கவேணும் எண்டு விளக்கமாய் எழுத நினைச்சனான், இப்ப மனம் ஓடேல்லை. முழுக்காசும் முதலே கேட்டால் எழும்பி வாங்கோ. சிலிண்டர் என்ன அளவு, பிஸ்டன் என்ன அளவு, கிராங் புதுசோ எண்டு சிட்டையில எழுதுவியுங்கோ. கழட்டின பழைய சாமானைத் திருப்பிக் கேளுங்கோ. ஹெட் மூட முதல் பக்கத்தில நிண்டு அளக்கச் சொல்லுங்கோ. இஞ்சினுக்குள்ள காத்தடிச்சு லீக் பாக்காமல் ரூ ஸ்ட்ரோக்கைக் கடலில இறக்காதேங்கோ.

நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபையின்ரை 1977க்கு அடிச்சு முறைப்பாடு சொல்லிப்போட்டன். படங்களும் வொய்ஸும் கையில இருக்கு. இதே கராச்சில ஏமாந்த வேற ஆக்கள் இருந்தால் உள்பெட்டிக்கு வாங்கோ, சேர்ந்து போவம். காசு திரும்பி வரும் வரைக்கும் இந்தப் பதிவை எடுக்கமாட்டன்.