ஏ-எம் சிஸ்டம்ஸ் 1700: எலியின் மூச்சு நரம்புக்கு எவ்வளவு பொருந்தும்?

எலியின் பிரெனிக் நரம்பிலிருந்து (மூச்சுத் தசையான உதரவிதானத்தை இயக்கும் நரம்பு) சுத்தமான சமிக்ஞை மட்டும் போதும் என்றால் இந்த நான்கு சேனல் ஆம்பிளிஃபையரைத் தயங்காமல் வாங்கலாம். எலிக்கு ஆக்சிஜனைக் குறைத்துப் பார்த்து, ஒரு மணி நேரம் கழித்து அலையின் உயரம் எத்தனை சதவீதம் ஏறியது என்று அளக்க வேண்டுமா? அப்போது பெட்டியைவிட அதைச் சுற்றியுள்ளவைதான் முடிவைத் தீர்மானிக்கும்.

மூச்சின் தாளம் முகுளத்தில், பிரீ-பாட்சிங்கர் தொகுதியில் பிறக்கிறது. (1991இல் அடையாளம் கண்டார்கள். பாட்சிங்கர் என்பது ஒரு ஜெர்மன் ஒயினின் பெயர்!) அங்கிருந்து கிளம்பும் ஆணை, இடையில் வேறு நரம்பணுக்கள் வழியாகக் கழுத்துத் தண்டுவடத்துக்கு இறங்கி, உதரவிதானத்தை இயக்கும் நரம்பணுக்களைச் சேர்கிறது. உள்மூச்சு தொடங்கியதும் சிறிய அணுக்கள் முதலில் மின்துடிப்பு விடும். பெரியவை பின்னால் சேரும். ஏற்கெனவே துடிப்பவை வேகம் கூட்டும். அலை சரிவாக மேலேறி, சட்டென விழுவது இதனால்தான். நரம்பில் கிடைப்பது இவை அனைத்தின் கூட்டுத்தொகை. உயரம் கூடினால் புது அணுக்கள் சேர்ந்தனவா, பழையவை வேகமெடுத்தனவா, எல்லாம் ஒரே நேரத்தில் துடித்தனவா என்று 1700 சொல்லாது.

வழக்கமான அமைப்பு: கெயின் (சமிக்ஞையைப் பெருக்கும் மடங்கு) 10,000, கடத்தும் அதிர்வெண்ணின் கீழ் எல்லை 300 ஹெர்ட்ஸ், மேல் எல்லை 10 கிலோஹெர்ட்ஸ். 100 மைக்ரோவோல்ட் சமிக்ஞை 1 வோல்ட்டாக வெளிவரும். கணினிப் பக்கம் உள்ளீட்டு வரம்பை ±1 வோல்ட்டில் வைத்தால் ஆக்சிஜன் குறைக்கும் கட்டத்தில் அலையின் தலை வெட்டுப்படும். ±5 வோல்ட் வையுங்கள். நொடிக்கு 10,000 மாதிரிதான் எடுக்கிறீர்கள் என்றால் மேல் எல்லையை 5 கிலோஹெர்ட்ஸுக்குக் கீழே இறக்க வேண்டும், இல்லாவிட்டால் உயர் அதிர்வெண் இரைச்சல் மடங்கி உள்ளே வரும். மின்கம்பியிலிருந்து வரும் 50 ஹெர்ட்ஸ் இரைச்சலை வடிகட்டும் நாட்ச் சுவிட்சைத் தொடவே வேண்டாம். கீழ் எல்லை 300 என்றால் 50 ஹெர்ட்ஸ் அங்கேயே பெரும்பாலும் அடிபட்டுப் போகும். அப்படியும் இரைந்தால் கோளாறு கிரவுண்டில் (புவி இணைப்பில்) இருக்கிறது.

பெட்டியில் இன்டெகிரேட்டர் கிடையாது. அலையின் எதிர்மறைப் பகுதியை நேர்மறையாக்கி, 50 மில்லிநொடி நேர மாறிலியில் மென்மையாக்க சி.டபிள்யூ.இ எம்.ஏ-821 போன்ற தனிக் கருவியோ மென்பொருளோ தேவை. மென்பொருளே மேல், மூல அலை கையில் இருக்கும்.

பெரிய குறை குமிழ்கள். கெயினைக் கையால் திருப்புகிறோம். திருப்பியது கோப்பில் பதிவாகாது. நடுவில் யாராவது 10,000ஐ 1,000 ஆக்கினால் தரவு அதைக் காட்டிக்கொடுக்காது, திடீரென அலை சுருங்கியது போலத்தான் தெரியும். குமிழ்மேல் ஒட்டுத்தாள் ஒட்டுவது அழகில்லை, ஆனால் பலன் தரும்.

உயரம் மெல்ல மெல்லக் குறைந்தால் ஆம்பிளிஃபையரைச் சந்தேகிக்காதீர்கள். உறை நீக்கிய நரம்பை இரு வெள்ளிக் கம்பிக் கொக்கிகளில் ஏற்றிக் கனிம எண்ணெயில் மூழ்கடிக்கிறோம். எண்ணெய்க்கு அடியில் திசுநீர் ஊறினால் இரு கம்பிகளும் மின்வழியில் இணைந்துவிடும், சமிக்ஞை வடியும். எண்ணெய் குறைந்தால் நரம்பு காயும். 5 நிமிடம் வீதம் மூன்று முறை ஆக்சிஜன் குறைத்து, 60 நிமிடம் கழித்து உயர்வைத் தேடும் சோதனையில் இந்த வடிதல் உண்மையான உயர்வையே மறைத்துவிடும். ஆக்சிஜன் குறைக்காத ஒப்பீட்டு எலி கட்டாயம் வேண்டும். இரத்தக் கார்பன் டை ஆக்சைடும் அடிப்படை அளவிலிருந்து 1.5 மி.மீ. பாதரசத்துக்கு மேல் விலகக்கூடாது. அது ஏறினாலே அலை உயரும், அதை நரம்பணுவின் நினைவாற்றல் (ஆக்சிஜன் குறைவு நீங்கிய பின்னும் நீடிக்கும் உயர்வு) என்று படித்துவிடுவோம். நுரையீரல் விரிவதை மூளைக்குச் சொல்லும் வேகஸ் நரம்புகளை இருபுறமும் வெட்டாவிட்டால் தாளம் செயற்கை சுவாசக் கருவியோடு ஒட்டிக்கொள்ளும்.

உதரவிதானத் தசையிலிருந்து நேரடியாகப் பதிவு செய்யவும் இதே பெட்டி போதும். ஆனால் கீழ் எல்லையை இறக்க வேண்டும், இதயத் துடிப்பு உள்ளே நுழையும். எலிக்கு நிமிடத்துக்கு 300க்கு மேல் துடிக்கும் என்பதால் ஒவ்வொரு உள்மூச்சிலும் ஓரிரு கூர்முனைகளாவது மாட்டும்; மென்மையாக்கும் முன் அவற்றை நீக்குங்கள்.

ஒற்றை நரம்பணுவின் உள்மின்னழுத்தம் வேண்டியவர்களுக்கு இது உதவாது. இது ஏசி ஆம்பிளிஃபையர், நிலையான மின்னழுத்தத்தைக் கடத்தாது. இரு பக்க நரம்புகளையும் ஒருசேரப் பதிவு செய்யும் தண்டுவடக் காய ஆய்வுகளுக்குத்தான் இது மிகவும் ஒத்துவரும். இரண்டு சேனல் அதற்கு, மூன்றாவது நாக்கு நரம்புக்கு, நான்காவது காலியாக இருக்கட்டும்.