அடிக்கவா, விரட்டவா: பேய்ச் சண்டையில் சாமி சக்தி

பாளையங்கோட்டை மொட்டைமாடியில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பகடை உருட்டிக் கதை நடிக்கும் விளையாட்டை ஆடும்போது தீராத வழக்கு ஒன்று உண்டு. பேய்க்கு எதிரே சாமி பலத்தில் வாள் வீசும் பாலடினா, பூசாரி மாதிரியான கிளெரிக்கா? 2014 விதிகளை வைத்துப் பேசுகிறேன்.

பாலடினின் டிவைன் ஸ்மைட் என்ற சாமி அடி, வாள் பட்ட பிறகு போடலாமா என்று முடிவெடுக்கிற சௌகரியம். முதல் நிலை ஸ்லாட் (மந்திரம் போடும் வாய்ப்பு) ஒன்றைச் செலவழித்தால் 2 எட்டுமுகப் பகடை கூடுதல் சேதம், எதிரி அண்டெட் (செத்தும் அடங்காதவை) என்றால் இன்னும் ஒன்று. கிரிட்டிக்கல் (தாக்குதல் பகடையில் உச்ச எண்) விழுந்தால் பகடைகள் இரட்டிப்பு. கதை நடத்துகிற நான் மூன்று வாரம் யோசித்து வளர்த்த வேதாளம் இரண்டே சுற்றில் காலி! 2024 விதிகளில் இதை மந்திரமாக்கி, சுற்றுக்கு ஒன்றே கிடைக்கும் கூடுதல் செயலான போனஸ் ஆக்‌ஷனில் கட்டிப்போட்டார்கள். சரிதான்.

கிளெரிக்கின் டர்ன் அண்டெட் 30 அடிக்குள் இருக்கும் பேய்களை 1 நிமிடம் ஓடவைக்கும். அடிபட்டால் திரும்பிவிடும். தொடக்கத்தில் ஓய்வுக்கு ஒரு தடவைதான்.

"ஏல, எல்லாம் ஓடிட்டுல்லா, இனி யார அடிக்க?" என்று பாலடின் ஆடும் தம்பி புலம்புவான்.

எனக்கு விரட்டுவதுதான் பிடிக்கும். கிளெரிக் விரட்டிய பேய் அடுத்த வாரமும் கதைக்கு உதவும். அப்புறம், நம்ம ஊர்க் கணக்கே வேறு. சுடலைமாடன் சாமியா, பேயா? பயமும் அவர்தான், காவலும் அவர்தான். அவரை ரேடியன்ட் டேமேஜ் என்ற தெய்வ ஒளிச் சேதத்தில் எப்படிச் சேர்ப்பது? அதனால் எங்கள் ஆட்டத்தில் ஒரு வீட்டு விதி: சுடுகாட்டு மாடன்களிடம் ஸ்மைட்டும் டர்னும் பாதிதான் எடுபடும், படப்பு (படையல்) போட்டால் ஒரு சுற்று நின்று பேசுவார்கள்.