சீட்டுக்கு அடியில் பாருங்கள்: கமர்ஷியல் ஜீரோ டர்ன் புல்வெட்டி, 280 மணி நேரத்துக்குப் பிறகு

எனக்கு ஆறு ஏக்கர் புல். வீட்டைச் சுற்றி ஒரு ஏக்கர், குளத்தை ஒட்டிய சரிவில் ஒன்றரை, மீதியெல்லாம் மரங்களுக்கு நடுவிலும் வேலியோரமும். இதை வருடக்கணக்கில் 42 அங்குல அகலத்துக்கு வெட்டும் வீட்டு உபயோக வண்டியில்தான் வெட்டிக்கொண்டிருந்தேன். ஒரு தடவை வெட்டி முடிக்க ஐந்து மணி நேரம் போய்விடும், ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இருப்பதே மறந்துபோகும். கடைசியில் அதன் டிரான்ஸ்மிஷன் சரிவில் பாதி ஏறி நின்றுவிட்டபோது எனக்குக் கோபம்கூட வரவில்லை, பாவம், அது அதன் தகுதிக்கு மீறி உழைத்த வண்டி. சரி, இனி வாங்குவதை ஒரே தடவையாக வாங்கிவிடலாம் என்று நின்ற இடத்திலேயே திரும்புகிற, நாள் முழுக்க வெட்டுகிறவர்களுக்கான கமர்ஷியல் ஜீரோ டர்ன் வண்டியைத் தேட ஆரம்பித்து, மூன்று மாதம் அலைந்து வாங்கினேன். நான்கு சீசன் ஆகிவிட்டது, மீட்டர் 280 மணி நேரம் காட்டுகிறது.

எந்தக் கம்பெனி வண்டி என்று சொல்லப்போவதில்லை. ஒளிப்பதற்காக இல்லை, அந்தப் பெயர் உங்களுக்கு அவ்வளவாகப் பயன்படாது என்பதால். வெளியே பெயின்ட்தான் வேறு வேறு, உள்ளே இருப்பது பெரும்பாலும் அதே நாலைந்து கம்பெனிகளின் சரக்கு. எஞ்சின் என்றால் கவாசாகி, கோஹ்லர், பிரிக்ஸின் வான்கார்ட். எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் ஹைட்ரோ என்றால் பெரும்பாலும் ஹைட்ரோ-கியர், சிலவற்றில் பார்க்கர். ஆக, சிவப்பா ஆரஞ்சா என்று யோசிக்கிற நேரத்தில் சீட்டைத் தூக்கி அடியில் என்ன இருக்கிறது என்று பார்த்தால் பாதி முடிவு அங்கேயே ஆகிவிடும்.

வண்டி வந்து இறங்கிய அன்று அப்பா கேட்ட முதல் கேள்வி, "இதுல ஸ்டீயரிங் எங்கடா?" நியாயமான கேள்விதான். பின் சக்கரம் இரண்டுக்கும் தனித்தனி ஹைட்ரோ பம்ப், அதற்குத் தனித்தனி லீவர், அவ்வளவுதான். இரண்டையும் சமமாக முன்னால் தள்ளினால் நேராகப் போகும், ஒன்றை முன்னாலும் மற்றதைப் பின்னாலும் இழுத்தால் நின்ற இடத்திலேயே பம்பரம் மாதிரி சுற்றும். முன் சக்கரம் இரண்டும் சும்மா உருளுகிற காஸ்டர்கள், அவற்றுக்கும் திருப்புவதற்கும் சம்பந்தமே இல்லை. அமெரிக்காவின் கான்சஸ் மாநிலத்தில் ஹெஸ்டன் என்ற ஊரில் ஜான் ரெகியர் 1963இல் செய்த யோசனை இது, அடிப்படை இன்றுவரை மாறவில்லை. முதல் ஒரு மணி நேரம் குடித்தவன் மாதிரிதான் ஓட்டுவீர்கள், ஒரு பூச்செடியாவது பலியாகும். மூன்றாவது நாள் கை தானாகப் பழகிவிடும்.

கடையில் எல்லாரும் முதலில் குதிரைத்திறனைத்தான் சொல்கிறார்கள். இந்த இடத்தில்தான் நானும் கிட்டத்தட்ட ஏமாந்தேன். கவாசாகியின் எஃப்ஆர்691வி எஞ்சினுக்கு 23 குதிரைத்திறன், எஃப்எக்ஸ்691விக்கு 22. இரண்டும் 726 சிசி. எண்ணை மட்டும் பார்த்தால் முதலாவதுதான் பெரியது என்று தோன்றும், ஆனால் அது வீட்டு உபயோக வண்டிகளுக்கான வரிசை, எஃப்எக்ஸ்தான் நாள் முழுக்க வெட்டுகிறவர்களுக்கானது. பார்த்தவுடன் தெரிகிற வித்தியாசம் ஏர் ஃபில்டர், எஃப்எக்ஸின் மேல் உருளை மாதிரி பெரிய டப்பா ஒன்று உட்கார்ந்திருக்கும். கிராமப்புறத்து நிலத்தில் கோடையில் வெட்டும்போது எழுகிற புழுதி எஞ்சினுக்குள் போகாமல் தடுப்பது அந்த டப்பாதான். என் பழைய வண்டியில் ஃபில்டரை வாராவாரம் தட்டித் தட்டி வைத்த எனக்கு, ஒரு குதிரை குறைந்தாலும் இந்த டப்பா பெரிதாகத் தெரிந்தது.

எஞ்சினைவிட முக்கியம் ஹைட்ரோ. வீட்டு உபயோக வண்டிகளில் வருவது பெரும்பாலும் மூடி சீல் வைத்த வகை, எண்ணெய் மாற்றும் வழியே இல்லை, தேய்ந்தால் முழுசாகக் கழற்றி மாற்ற வேண்டியதுதான். கமர்ஷியல் வண்டியில் எண்ணெயும் ஃபில்டரும் மாற்றலாம், என் வண்டிக்கு முதல் 100 மணி நேரத்துக்குள் ஒரு தடவை மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன், வடிந்த எண்ணெயில் மின்னிய இரும்புப் பொடியைப் பார்த்த பிறகு அந்தச் செலவைப் பற்றி முணுமுணுக்கவில்லை. பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன், கிளப்பிய உடனே ஓட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். தேய்ந்த ஹைட்ரோ குளிர்ந்திருக்கும்போது நன்றாகத்தான் இழுக்கும், எண்ணெய் சூடாகி நீர்த்துப்போன பிறகுதான் மேட்டில் மூச்சு வாங்கும். அரை மணி நேரம் வெட்டிவிட்டு, பிறகு சரிவில் ஏற்றிப் பாருங்கள். விற்பவர் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை என்றால் காரணம் உங்களுக்கே புரியும்.

பிளேடுகளை மூடியிருக்கும் அடிப்பெட்டியான டெக்கைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. ஒரே தகட்டை அழுத்தி வளைத்த டெக் வேண்டாம், தடித்த தகடுகளை வெல்டிங் செய்த டெக் வேண்டும். கேஜ் எண் குறையக் குறையத் தகடு தடிமன் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், 11 கேஜ் சுமார் 3 மி.மீ., 7 கேஜ் சுமார் 4.5 மி.மீ. பிளேடு தொங்கும் ஸ்பிண்டிலில் கிரீஸ் அடிக்க நிப்பிள் இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். என் நிலத்தில் கல் உண்டு, வேர் உண்டு, ஒரு தடவை யாரோ விட்டுப்போன இரும்புக் கம்பியும் உண்டு. பிளேடு வளைந்தது, டெக்குக்கு ஒன்றும் ஆகவில்லை.

அகலம் விஷயத்தில்தான் நான் அதிகம் மண்டையை உடைத்துக்கொண்டேன். ஆசை என்னவோ 72 அங்குலத்தின் மேல். அப்புறம் ஒரு காகிதத்தை எடுத்துக் கணக்குப் போட்டேன். 54 அங்குலம் என்றால் நாலரை அடி, மணிக்கு 10 கி.மீ. வேகத்தில் போனால் கணக்குப்படி ஒரு மணி நேரத்தில் 3.4 ஏக்கர். திருப்பங்கள், ஒரு வரிசை மேல் இன்னொன்று ஏறுவது, மரத்தைச் சுற்றுவது எல்லாம் போக ஐந்தில் ஒரு பங்கைக் கழித்தால் 2.7. ஆக ஆறு ஏக்கருக்கு இரண்டே கால் மணி நேரம். அதே கணக்கை 60 அங்குலத்துக்குப் போட்டால் இரண்டு மணி நேரம். வெறும் கால் மணி நேர லாபத்துக்காக அதிக எடை, அதிக பெட்ரோல், டிரெய்லரிலும் கேட்டிலும் நுழையுமா என்ற கவலை. இதைவிடப் பெரிய விஷயம், அகலமான டெக் மேடுபள்ளத்தில் ஒரு பக்கம் மண்ணைச் சுரண்டும், மறுபக்கம் புல்லை விட்டுவிடும். பலகை மாதிரி சமதரை பத்து ஏக்கர் இருந்தால் 72 வாங்குங்கள், நான் தடுக்கவில்லை. எனக்கு 54 போதும் என்று முடிவெடுத்தேன், அந்த முடிவில் ஒருநாளும் வருத்தப்பட்டதில்லை. இன்னொன்று, கேட்டை அளக்கும்போது டெக்கை மட்டும் அளக்காதீர்கள். பக்கவாட்டில் புல்லைத் தள்ளுகிற மடல் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும், அதைச் சேர்த்தால் சுமார் ஒரு அடி கூடும்.

அந்தக் கணக்கில் 10 கி.மீ. என்று போட்டதற்கும் காரணம் உண்டு. விளம்பரத்தில் மணிக்கு 16 கி.மீ. என்று இருக்கும், போகவும் போகும், சாலையில். கரடுமுரடான நிலத்தில் அந்த வேகத்தில் போனால் முதுகெலும்பு ஒவ்வொன்றும் தன் பெயரைச் சொல்லும். அதனால் சஸ்பென்ஷன் சீட் இல்லாத வண்டியைத் திரும்பிக்கூடப் பார்க்காதீர்கள். ஃபெர்ரிஸ் போன்ற சில கம்பெனிகள் சக்கரத்துக்கே சஸ்பென்ஷன் வைக்கின்றன, ஒன்றை ஓட்டிப் பார்த்தேன், நிஜமாகவே சுகம். ஆனால் வாரம் இரண்டரை மணி நேரம் மட்டும் உட்காருகிற எனக்கு நல்ல சீட்டே போதும் என்று விட்டுவிட்டேன். முதுகு வலி உள்ளவர்கள் என் பேச்சைக் கேட்க வேண்டாம், அதையே வாங்குங்கள்.

இப்போது சரிவு. இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். முதல் மாதம், காலைப் பனி காயாத நேரத்தில் குளத்துச் சரிவில் குறுக்கே போய்க்கொண்டிருந்தேன். பின் சக்கரம் வழுக்கியது. லீவரைப் பின்னால் இழுத்தேன், ஒன்றும் நடக்கவில்லை. இந்த வண்டியில் திருப்புவதும் நிறுத்துவதும் அதே இரண்டு பின் சக்கரங்கள்தான், அவை பிடியை இழந்துவிட்டால் உங்கள் கையில் இருப்பது வெறும் இரண்டு குச்சிகள். ஐந்நூறு கிலோவுக்கு மேல் எடையுள்ள வண்டி மெதுவாக, எந்த அவசரமும் இல்லாமல், என்னைச் சுமந்துகொண்டு தண்ணீரை நோக்கிப் போனது. கரைக்கு இரண்டு மீட்டர் முன்னால் ஒரு திட்டில் முட்டி நின்றது. அன்றைக்கு மீதி வேலையைச் செய்யவில்லை, வீட்டில் யாரிடமும் சொல்லவும் இல்லை.

பிறகுதான் கையேட்டை ஒழுங்காகப் படித்தேன். பெரும்பாலான வண்டிகளுக்கு 15 டிகிரிதான் உச்சவரம்பு, சிலவற்றுக்கு 10. பதினைந்து டிகிரி என்பது பார்வைக்குச் சின்னதாகத் தெரியும், 100 மீட்டருக்கு 27 மீட்டர் ஏற்றம் அது. போனிலேயே சாய்வு அளக்கும் வசதி இருக்கிறது, ஒரு நீளமான பலகையைத் தரையில் வைத்து அதன் மேல் போனை வைத்து அளந்தேன். என் குளத்துச் சரிவின் மேல் பகுதி 11, கரையோரம் 19. கரையோரத்தை இப்போது இந்த வண்டியில் வெட்டுவதே இல்லை, கையால் பிடித்து வெட்டும் மெஷின்தான். வண்டி கவிழ்ந்தால் ஆளை நசுங்காமல் காக்க சீட்டுக்குப் பின்னால் நிற்கும் ரோல் பார் இல்லாத வண்டி கிராமப்புற நிலத்துக்கு வேண்டவே வேண்டாம். பார் நிமிர்ந்திருந்தால் சீட் பெல்ட் கட்டாயம் போட வேண்டும், மரத்துக்கு அடியில் போக மடித்திருந்தால் போடக்கூடாது. சரிவில் மடிக்கவே கூடாது. இதைச் சொல்லித் தந்துவிட்டுத்தான் சாவியைக் கொடுக்க வேண்டும், எனக்கு விற்றவர் கப் ஹோல்டரைக் காட்டினார்.

வெட்டு எப்படி என்றால், அருமை. வாரத்துக்கு ஒரு தடவை வெட்டுகிற புல்லைக் கம்பளம் மாதிரி ஆக்கிவிடுகிறது, மரத்தைச் சுற்றி ஒரே வட்டத்தில் முடிந்துவிடுகிறது, பின்னாலேயே ஓரம் வெட்டும் வேலை பாதியாகக் குறைந்தது. ஆனால் இது டிராக்டர் இல்லை. முழங்கால் உயரம் வளர்ந்த புல்லில் விட்டால் டெக் அடைத்து, எஞ்சின் முனகி, பின்னால் வைக்கோல் வரப்பு மாதிரி கொட்டிக்கொண்டே போகும், உயர்த்தி ஒரு தடவை, இறக்கி ஒரு தடவை என இரண்டு முறை வெட்ட வேண்டும். புதர், இளஞ்செடி எல்லாம் இதன் வேலையே இல்லை. திரும்பும்போது உள்பக்கச் சக்கரத்தை நிறுத்தி அதன் மேலேயே சுழன்றால் அந்த இடத்தில் புல் வேரோடு உரிந்து வரும், முதல் சீசன் முழுக்க என் வேலியோரம் அம்மைத் தழும்பு மாதிரி இருந்தது. கொஞ்சம் பின்னால் வந்து மூன்று அசைவில் திருப்பினால் அந்தப் பிரச்சினை இல்லை. காதுக்கு அடைப்பான் இல்லாமல் உட்காரக்கூடாது.

வாரண்டியில் ஒரு சூட்சுமம். வீட்டு உபயோக வண்டிகளின் வாரண்டி பெரும்பாலும் சம்பாத்தியத்துக்காக வெட்டினால் செல்லாது. கமர்ஷியலில் இத்தனை வருடம் அல்லது இத்தனை மணி நேரம், எது முதலில் வருகிறதோ அது என்று இருக்கும், வாங்கும் முன் அந்த மணி நேரத்தை உங்கள் வருட ஓட்டத்தால் வகுத்துப் பாருங்கள். அதைவிட முக்கியமாகக் கேட்க வேண்டியது, டெக் பெல்ட் இப்போது கையிருப்பில் இருக்கிறதா என்பது. என் இரண்டாவது சீசனில் பெல்ட் அறுந்தது, கடைக்காரர் "நாளைக்கு வந்துடும்" என்று பதினோரு நாள் சொன்னார். பதினோரு நாளில் புல் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியும். இப்போது உபரியாக ஒரு பெல்ட்டும் ஒரு செட் பிளேடும் கொட்டகைச் சுவரில் தொங்குகின்றன.

டீசல் வண்டிகளையும் பார்த்தேன், குபோட்டாவின் டீசல் வரிசையில் டெக்கைச் சுழற்றுவதே பெல்ட் இல்லாமல் ஷாஃப்ட் வழியாக என்பது அந்தப் பதினோரு நாளுக்குப் பிறகு மிகவும் கவர்ச்சியாகத் தெரிகிறது. ஆனால் எடையும் விலையும் ஆறு ஏக்கருக்கு அதிகம். பேட்டரி வண்டி சத்தமில்லாமல் சொகுசாக இருக்கிறது, ஒரே சார்ஜில் உங்கள் நிலம் முடியுமா என்று அங்கேயே வெட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள், கடையில் சொல்வதை நம்பி வேண்டாம்.

என் வண்டியில் எனக்குத் தீராத குறை ஒன்றே ஒன்று, முன் காஸ்டர் டயர். காற்றடிக்கும் வகையாகத்தான் வந்தது, வேலியோர முள் ஏறி ஒரே சீசனில் நான்கு பஞ்சர். போன வருடம் இரண்டையும் காற்றே இல்லாத கெட்டி டயராக மாற்றினேன். பஞ்சர் தொல்லை போனது, ஆனால் ஒவ்வொரு எலி வளை மேட்டிலும் முன்பக்கம் "டக்" என்று இடிக்கிறது. பழைய டயர் இரண்டையும் இன்னும் தூக்கிப் போடவில்லை.