பின்வளவுப் பறவைகளை எண்ணும் ‘ஃபீடர்வாட்ச்’: மூன்று பனிக்காலங்களுக்குப் பின் ஒரு மதிப்பீடு

கனடாவின் ரொறன்ரோ நகரிலுள்ள ஸ்காபரோவில் எங்கள் வீட்டின் பின்வளவுக்குத் தீனி தேடி வரும் பறவைகளை மூன்று பனிக்காலங்களாக எண்ணி, ‘புராஜெக்ட் ஃபீடர்வாட்ச்’ திட்டத்துக்கு அனுப்பி வருகிறேன். அமெரிக்காவின் கோர்னெல் பறவையியல் ஆய்வகமும் ‘பேர்ட்ஸ் கனடா’ அமைப்பும் சேர்ந்து நடத்தும் இத்திட்டத்தில் சேர்வதால் என்ன கிடைக்கும் என்று நண்பர்கள் கேட்பதால் இதை எழுதுகிறேன். பனிக்காலத்தில் வீட்டுக்குள்ளேயே இருக்க நேரும் எவருக்கும், குறிப்பாக நம் வீடுகளிலுள்ள முதியவர்களுக்கு, இதைத் தயக்கமின்றிப் பரிந்துரைப்பேன்.

இத்திட்டம் ஒன்ராறியோவில் பிறந்தது. 1976ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், லோங் பொயின்ற் பறவை ஆய்வு நிலையத்தின் வழியாக எரிக்கா டன் என்ற ஆய்வாளர் மாகாண அளவில் தொடங்கிய கணக்கெடுப்பு, 1987-88 பருவத்தில் கோர்னெலுடன் இணைந்து இரு நாடுகளுக்கும் விரிந்தது. பருவம் நவம்பர் 1இல் தொடங்கி ஏப்ரல் 30இல் முடிகிறது. அடுத்தடுத்த இரண்டு நாட்களைத் தேர்ந்தெடுத்து, அந்நாட்களில் இயன்ற நேரம் மட்டும் பார்த்து எண்ண வேண்டும். அடுத்த எண்ணிக்கைக்கு முன் குறைந்தது ஐந்து நாள் இடைவெளி விட வேண்டும். எத்தனை முறை எண்ணுவது என்பது நம் விருப்பம்.

எண்ணும் விதிதான் இதன் உயிர்நாடி. ஓர் இனத்தில் ஒரே நேரத்தில் கண்ணுக்குத் தெரிந்த மிகக் கூடிய எண்ணிக்கையை மட்டுமே பதிய வேண்டும். ஜங்கோ என்ற சிறு சாம்பல் நிறக் குருவிகள் காலையில் 6, மதியம் 9, மாலையில் 4 என்று வந்தால் கணக்கு 9தானே தவிர 19 அல்ல. போன பறவையே திரும்பி வந்திருக்கலாம் என்பதே காரணம். முதற் பருவத்தில் இதைச் சரியாக வாசிக்காமல் கூட்டிக் கூட்டி எழுதிய நான், பிறகு அமர்ந்து ஒவ்வொன்றாகத் திருத்தினேன். ஆகவே புதிதாகச் சேர்பவர்கள் விதிமுறைப் பக்கத்தை ஒருமுறை முழுமையாக வாசித்துவிடுவது நல்லது. வளவின் மேலே பறந்து செல்லும் வாத்துகளையும் கடற்காகங்களையும் சேர்க்கக்கூடாது. ஆனால், தீனிக்கு வந்த குருவிகளைப் பிடிக்கப் பாயும் வல்லூறு கணக்கில் சேரும்.

இவ்வாண்டு தைப்பொங்கலுக்கு அடுத்த வாரம், இரவு முழுவதும் கொட்டிய பனி ஓய்ந்திருந்த ஒரு காலையில், தேவதாரு மரத்தின் கீழ் சிந்திக் கிடந்த விதைகளை ஒரு பறவை கிளறிக்கொண்டிருந்தது. பனிக்காலத்திலும் இங்கே தங்கிவிடும், செம்மஞ்சள் மார்புடைய ராபின் என்றே முதலில் நினைத்தேன். அது திரும்பியபோது மார்பின் குறுக்கே ஒரு கரும் பட்டையும், கண்ணுக்கு மேலே செம்மஞ்சள் கோடும், இறகில் அதே நிறப் பட்டைகளும் தெரிந்தன. ராபினுக்கு இவை எவையும் கிடையா. குசினி யன்னலருகே நின்ற என் அம்மா, “இது நேற்று வந்த பறவை இல்லை, பிள்ளை” என்றார். அது வேரீட் த்ரஷ். அலாஸ்காவிலிருந்து கலிபோர்னியா வரை மேற்குக் கரையோர ஈரக்காடுகளில் வாழும் இந்தப் பூங்குருவி, பனிக்காலங்களில் அரிதாகத் திசைமாறிக் கிழக்கே வந்து யாரோ ஒருவரின் தீனிக்கூட்டில் நிற்பதுண்டு. நான் கைநடுக்கத்தோடு எடுத்த படங்களில் இரண்டுதான் தெளிவாக இருந்தன.

அன்றைய கணக்கைப் பதிந்தபோதுதான் இச்சேவையின் தரம் எனக்கு முழுமையாக விளங்கியது. இந்த இடத்தில், இந்த மாதத்தில் வழக்கமில்லாத பறவை என்று, கணக்கைப் பதியும் ஃபீடர்வாட்ச் செயலி உடனே எச்சரித்து, உறுதிப்படுத்தச் சொன்னது. பின்னர் விவரமும் படமும் கேட்டு வந்த மின்னஞ்சலில் சந்தேகத்தின் கடுமை சிறிதும் இல்லை. மார்புப் பட்டையை எவ்வளவு தூரத்திலிருந்து பார்த்தீர்கள் என்பது போன்ற, பதில் சொல்ல விருப்பமூட்டும் கேள்விகளே இருந்தன. அரிய பறவையை ஏற்பதற்கு முன் இப்படிச் சோதிப்பதால்தான் சாதாரணக் கணக்குகளையும் நம்ப முடிகிறது என்று நினைக்கிறேன்.

உண்மையில், அபூர்வ விருந்தாளியைவிட அந்தச் சாதாரணக் கணக்குகளே அதிகப் பயன் தருகின்றன. ஒரு காலத்தில் தீனிக்கூடுகளுக்குக் கூட்டமாக வந்த ஈவ்னிங் குரோஸ்பீக் என்ற மஞ்சள் பறவை, 1988க்கும் 2006க்கும் இடையே பாதியளவு வீடுகளில் காணாமற் போனதை வெளிக்கொணர்ந்தது இந்தத் திட்டத்தின் தரவே. யாழ்ப்பாணத்து முற்றத்தில் நாம் கண்ட அதே சிட்டுக்குருவியை இங்கே எண்ணும்போதும், சலிப்பில்லாமல் எண்ணத் தோன்றுவது இதனால்தான்.

குறைகளும் உண்டு. இணையதளம் ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் மட்டுமே இருப்பதால், என் அம்மா எண்ணுகிறார், நான் பதிகிறேன். பேரப்பிள்ளைகள் இருக்கும் வீட்டில் இது ஒரு தடையல்ல என்றாலும் தனியாக வாழும் முதியவருக்குத் தடைதான். அரிய பறவை எங்கே வந்திருக்கிறது என்று தேடிப் போக விரும்புபவர்களுக்கு இது ஏற்றதல்ல. அதற்கு, பறவை பார்ப்பவர்கள் தாம் கண்டதை இடத்தோடு பதியும் ஈபேர்ட் என்ற இணையதளம் இருக்கிறது. தொடர்மாடிக் குடியிருப்புகளில் பறவைகளுக்குத் தீனி வைக்க நிர்வாகம் பெரும்பாலும் அனுமதிப்பதில்லை என்பதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள்.

செலவு பெரிதல்ல. கனடாவில் பேர்ட்ஸ் கனடாவுக்கு இயன்ற தொகையை நன்கொடையாகக் கொடுத்துச் சேரலாம். அமெரிக்காவில் ஆண்டுக் கட்டணம் 18 டொலர். உண்மையான செலவு விதைக்குத்தான். மலிவாகக் கிடைக்கிறதே என்று ஒரு கடையில் வாங்கிய கலவை விதையில் பாதிக்குமேல் சிவப்புச் சோளம் இருந்தது, எங்கள் பறவைகள் அதைத் தொடவே இல்லை. கறுப்பு எண்ணெய்ச் சூரியகாந்தி விதையை மட்டும் வாங்குங்கள்; சிக்கடீ என்ற சிறு குருவியிலிருந்து அதைவிடப் பெரிய கார்டினல் வரை எல்லாம் அதைத் தின்னும். தீனிக்கூட்டை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கழுவுங்கள், ஏனெனில் ஒரே இடத்தில் கூடும் பறவைகளிடையே கண்நோய் எளிதில் பரவும். நோயுற்ற பறவையைக் கண்டால் பதிவதற்கும் செயலியில் இடமுண்டு.

அந்த த்ரஷ் பதினொரு நாட்கள் தங்கியது. அது போன பிறகும் அம்மா காலைத் தேநீரோடு அதே யன்னலில்தான் நிற்கிறார். கடைசியாக நாங்கள் அனுப்பிய கணக்கில் 9 ஜங்கோக்களும், 4 கார்டினல்களும், 2 சிக்கடீகளும் இருந்தன.