கன்னத்தில் வெட்டு விழுந்த டைபீரியஸ்: 18,500 ரூபாய்க்கு நான் வாங்கிய போலி

முதலில் காசின் அடையாளத்தைச் சொல்லிவிடுகிறேன். கதை படிக்க நேரம் இல்லாதவர்கள் இதோடு போய்விடலாம்.

டெனாரியஸ் என்ற ரோமானிய வெள்ளிக்காசு, டைபீரியஸ் பேரரசருடையது. முன்பக்கம் இலைமுடி சூடிய தலை, வலப்புறம் பார்க்கிறது. காதுக்குக் கீழே தொடங்கி மூக்கு வரை கன்னத்தில் ஓர் உளி வெட்டு. கடிகாரத்தில் ஏழு மணி இருக்கும் இடத்தில் விளிம்பில் ஒரு விரிசல். பின்பக்கம் நாற்காலியில் உட்கார்ந்த பெண். முத்திரை கொஞ்சம் மேலே ஏறி விழுந்திருப்பதால் அவளுடைய உச்சந்தலை காசுக்கு வெளியே போய்விட்டது. எடை 3.1 கிராம் சுமார். இதை யாராவது காட்டினால் வாங்காதீர்கள். என்னிடம் ஒன்று இருக்கிறது. நாமக்கல்லில் ஒரு நண்பரிடமும் ஒன்று இருக்கிறது. அதே வெட்டு, அதே விரிசல், அதே தலை போன பெண்.

நான் ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறவன். பதினோரு வருடமாகக் காசு சேர்க்கிறேன். வெள்ளி ரூபாயில் தொடங்கி, சோழர் செப்புக்காசுக்குப் போய், தேய்ந்த சின்ன ரோமானியச் செப்புக்காசுகள் வரை வந்தேன். டெனாரியஸ் மட்டும் கையில் இல்லை. வெளிநாட்டு ஏலங்களில் ஓரளவு நல்ல டைபீரியஸ் என்றால் சில நூறு டாலர் ஆகும். சம்பளக்காரனுக்கு அது பெரிய தொகை. ஆனால் கொங்கு நாட்டில் இருந்துகொண்டு அந்தக் காசு மேல் ஆசை வராமல் இருக்காது. கோயம்புத்தூர், கரூர் பக்கம் கிடைத்த ரோமானிய வெள்ளியில் திரும்பத் திரும்ப வருவது இரண்டே ரகம். ஒன்று, அகஸ்டஸின் காசு. பின்பக்கம் அவருடைய மகள் வயிற்றுப் பேரன்கள் காயஸும் லூசியஸும் கேடயத்தோடு நிற்பார்கள். இன்னொன்று, இந்த டைபீரியஸ். கி.பி. 14 முதல் 37 வரை ஆண்டவர். மிளகுக்கும் துணிக்கும் கல்லுக்கும் விலையாக யவனர் கொண்டுவந்து கொட்டிய வெள்ளி இதுதான். கி.பி. 64 வாக்கில் நீரோ டெனாரியஸின் எடையையும் மாற்றையும் குறைத்தார். அதற்குப் பிறகு அடித்த வெள்ளிக்காசு நம் பக்கம் அதிகம் கிடைப்பதில்லை. நம் ஆட்கள் அப்போதே உரைத்துப் பார்த்துத்தான் வாங்கியிருக்கிறார்கள். நான்தான் பார்க்கவில்லை.

சரி, கதைக்கு வருகிறேன். காசு சேர்ப்பவர்களின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் என் எண்ணைப் பார்த்து ஒருவர் தனியாகச் செய்தி அனுப்பினார். "அண்ணா, ஆத்துல ஒண்ணு கெடச்சிருக்குதுங்க. உங்களுக்கு வேணும்னா மட்டும் சொல்லுங்க. குரூப்புல போட வேண்டாம்." கூடவே ஒரு படம். ஆறு என்றால் அமராவதி. கரூரில் அமராவதி மணலைச் சலித்துக் காசு எடுக்கும் பழக்கம் நெடுங்காலமாக உண்டு. சேரர் காசு, ரோமானியக் காசு எல்லாம் அங்கே கிடைத்திருக்கின்றன. அதனால் நம்பக்கூடிய கதைதான். நல்ல பொய்க்கு முக்கால் பங்கு உண்மை வேண்டும் அல்லவா?

ஒரு ஞாயிற்றுக்கிழமை கரூர் பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு டீக்கடையில் சந்தித்தோம். சட்டைப் பையிலிருந்து மடித்த செய்தித்தாள் துண்டை எடுத்துப் பிரித்தார். எழுத்து இடுக்குகளில் பழுப்பு மண் ஒட்டியிருந்தது. "கழுவலீங்க. அப்படியே கொண்டாந்துட்டேன். நகைக்கடைக்குப் போனா உருக்கிருவாங்க, அதான் உங்களுக்குச் சொன்னேன்" என்றார். உருக்கிவிடுவார்கள் என்று கேட்டதும் காசு சேர்ப்பவனுக்கு நெஞ்சு பதறும். அவருக்கு அது தெரிந்திருக்கிறது. 25,000 கேட்டார். 18,500க்கு இறங்கினார். டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

ஆனால் என்னை விழவைத்தது மண்ணும் இல்லை, விலையும் இல்லை. கன்னத்தில் இருந்த அந்த வெட்டு.

1898இல் புதுக்கோட்டைப் பக்கம் சுமார் 500 ரோமானியத் தங்கக் காசுகள் ஒரே புதையலாகக் கிடைத்தன. அவற்றில் பெரும்பாலானவற்றில் பேரரசரின் முகத்துக்குக் குறுக்கே உளியால் வெட்டியிருந்தார்கள். உள்ளே வேறு உலோகமா என்று பார்க்கவா, இனி இது நாணயம் இல்லை, வெறும் பொன் என்று காட்டவா என்று ஆய்வாளர்கள் பலவிதமாகச் சொல்கிறார்கள். வெள்ளிக்காசுகளிலும் அப்படிப்பட்ட வெட்டு உண்டு. ஆகவே வெட்டு விழுந்த டெனாரியஸ் என்றால், இந்தியாவுக்கு வந்து, இங்கே ஒருவர் கையால் சோதிக்கப்பட்ட காசு என்றுதான் எடுத்துக்கொண்டேன். வெளிநாட்டுக்காரன் அதைப் பழுது என்பான். நமக்கு அதுதான் விலையே. வெட்டைப் பார்த்த நிமிடம், காசைப் பெரிதாக்கிப் பார்க்கும் லூப் கண்ணாடி பையிலேயே இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன். பதினோரு வருட அனுபவமும் அந்தப் பையிலேயே இருந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து எடை போட்டேன். 3.12 கிராம். டைபீரியஸ் டெனாரியஸ் பொதுவாக 3.6, 3.8 கிராம் நிற்கும். ஃபோன் பண்ணிக் கேட்டேன். "ஆத்து மணல்ல ரெண்டாயிரம் வருசம் உருண்டுருக்குதுங்கண்ணா, தேயாம என்ன பண்ணும்?" என்றார். எனக்கும் சரி என்றுதான் பட்டது. அரை கிராம் தேயுமளவுக்கு உருண்ட காசில் தாடையும் இலைமுடியும் எப்படி இவ்வளவு பிதுங்கி நிற்கின்றன என்று கேட்கத் தோன்றவில்லை. தேய்ந்தால் மேடுதானே முதலில் தேயும்?

அப்புறம் தண்ணீர்ச் சோதனை. ஒரு டம்ளர் தண்ணீரைத் தராசில் வைத்து, எடையைச் சுழியமாக்கி, காசை மெல்லிய நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டும் எண்ணால் காசின் எடையை வகுத்தால் அடர்த்தி. எனக்கு 0.30 காட்டியது. 10.4 வந்தது. சுத்த வெள்ளிக்கு 10.5 சுமார். துள்ளிக் குதிக்காத குறை. பித்தளை, ஜெர்மன் சில்வர் எல்லாம் ஒன்பதைக்கூடத் தொடாது. ஆனால் நான் கவனிக்காதது ஒன்று. இந்தச் சோதனை வெள்ளியா இல்லையா என்று மட்டும்தான் சொல்லும். வெள்ளியிலேயே போலி செய்தால் அதற்கு வாய் கிடையாது. அதுவும் மூன்று கிராம் காசில், தராசு 0.01 அங்கே இங்கே ஆடினால் அடர்த்தியில் 0.3க்கு மேலேயே மாறிவிடும்.

ஒரு மாதம் அதை எடுத்து எடுத்துப் பார்த்துக்கொண்டிருந்தேன். மண்ணைச் சுத்தம் செய்யலாம் என்று காய்ச்சி வடித்த நீரில் இரவு முழுக்க ஊறப்போட்டேன். மண் அசையவில்லை. மகள் சும்மா இருக்காமல், "என் நெயில் பாலிஷ் ரிமூவர்ல போட்டுப் பாருப்பா" என்றாள். விளையாட்டாகத்தான் பஞ்சில் நனைத்து வைத்தேன். இரண்டு நிமிடத்தில் அந்த இரண்டாயிரம் வருட மண் ஜவ்வு மாதிரி இழுத்துக்கொண்டு வந்தது. பசை. ஆற்று மண் ரிமூவரில் இருக்கும் அசிட்டோனில் கரையாது. அன்றைக்கு ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் தெரிந்த நகைக்கடையில் மாற்றுப் பார்க்கும் கருவியில் வைத்தார்கள். 92.4 காட்டியது. "நல்ல வெள்ளி சார், நயின் டூ ஃபைவ்" என்றார் அந்தப் பையன் சந்தோஷமாக. அகஸ்டஸ், டைபீரியஸ் காலத்து டெனாரியஸில் வெள்ளி ஏறத்தாழ 97, 98 சதவீதம். 92.5 என்பது இன்றைக்குக் கொலுசும் மோதிரமும் செய்கிற மாற்று. இதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல முடியாது, கருவி மேற்பரப்பைத்தான் பார்க்கும். ஆனாலும் மண்ணும் பசையும் பார்த்தபிறகு எனக்குப் பாதி தெரிந்துவிட்டது.

மீதியைச் சொன்னவர் எங்கள் தெருவில் பட்டறை வைத்திருக்கும் ஆசாரி. ரோம் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட அவருக்குக் கவலையில்லை. கண்ணாடியைக் கண்ணில் இடுக்கிக்கொண்டு, காசைப் படத்தைப் பார்க்காமல் விளிம்பைச் சுற்றிப் பார்த்தார். "வெள்ளி வெள்ளிதான் தம்பி. ஆனா இது அடிச்ச காசு இல்ல. ஊத்துன காசு."

அப்படியே லூப்பை என்னிடம் கொடுத்துக் காட்டினார். விளிம்பில் நேர்நேராகச் சன்னக் கோடுகள், அரம் போட்டது. அச்சின் இரண்டு பாதியும் சேர்ந்த தழும்பை அரத்தால் ராவியிருக்கிறார்கள். எழுத்துகளின் ஓரம் செங்குத்தாக இறங்காமல், கரைந்த சோப்புக்கட்டியில் இருக்கும் பெயர்போல வழிந்திருந்தது. முத்திரையில் வைத்துச் சம்மட்டியால் அடித்த காசில் உலோகம் விளிம்பை நோக்கி ஓடும், அந்த ஓட்டம் எழுத்தைச் சுற்றித் தெரியும். இதில் அது இல்லை. ஏழு மணி விரிசலை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தார். அடிக்கும்போது பிளந்த விரிசலில் பெரும்பாலும் வெளிச்சம் ஒரு மயிரிழையாவது ஊடுருவும். இது வெறும் பள்ளம். கடைசியாக வெட்டு. "உளி போட்டா ரெண்டு பக்கமும் உதடு எழும்பணும், அடி கூரா முடியணும். இங்க பாருங்க." வெட்டின் அடியில் குண்டூசி முனை அளவுக்கு ஒரு குமிழி உறைந்து நின்றது. உளி எந்த ஊரில் குமிழி விடும்?

ஆக, எங்கோ ஒரு நிஜமான வெட்டுக்காசு இருக்கிறது. அதிலிருந்து அச்சு எடுத்து, வெட்டோடும் விரிசலோடும் சேர்த்து வார்த்திருக்கிறார்கள். நாமக்கல் நண்பரின் காசை நான் படத்தில் பார்த்தது அதற்கு ஒரு வாரம் கழித்து. ஒரே முத்திரையில் அடித்த இரண்டு காசுகள் இருக்கலாம், படம் அச்சாக ஒத்துப்போகும். ஆனால் முத்திரை ஒரே அளவு விலகி, ஒரே இடத்தில் பிளந்து, ஒரே கோணத்தில் வெட்டும் வாங்கிய இரண்டு காசுகள் உலகத்தில் இருக்க முடியாது. அவருக்கு விலை 16,000. என்னைவிட நன்றாகப் பேரம் பேசியிருக்கிறார்.

விற்றவரைக் கூப்பிட்டேன். முதலில், "இருக்காதுங்களே" என்றார். இரட்டைக் காசின் படத்தை அனுப்பியதும் குரல் மாறியது. "சரிங்க, போலீசுக்கே போங்க. ஆத்துல எடுத்த பொதயல வாங்குனேன்னு எழுதிக் குடுங்க." அவ்வளவுதான். அப்புறம் எண் எடுக்கவில்லை.

அங்கேதான் எனக்கு உறைத்தது. ஆற்றில் கிடைத்தது என்ற கதை விலையை ஏற்ற மட்டும் சொன்னதில்லை, வாங்கியவன் வாயைக் கட்டவும் சொன்னது. 1878ஆம் ஆண்டுப் புதையல் சட்டப்படி மண்ணில் கிடைத்த பொருள் பத்து ரூபாய் மதிப்பைத் தாண்டினாலே கலெக்டருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டப்படி நூறு வருடம் தாண்டிய காசு தொல்பொருள், அதை விற்கும் தொழில் செய்ய உரிமம் வேண்டும். "குழுவில் போட வேண்டாம்" என்று அவர் சொன்னபோதே நானும் சேர்ந்து ரகசியம் காத்தேன் இல்லையா? காசு நிஜமாக இருந்திருந்தால் தப்பு என்னுடையதும்தான். போலியாகப் போனதால் பணம் மட்டும் போனது. வக்கீல் நண்பர், ஏமாற்றிய வழக்கு போடலாம், ஆனால் எதை நினைத்து வாங்கினாய் என்று முதலில் உன்னைத்தான் கேட்பார்கள் என்றார். ரசீது இல்லை. நான் கேட்கவும் இல்லை.

வீட்டில், "நகையா வாங்கியிருந்தா பாதியாவது தேறும்" என்றார்கள். கணக்குப் பார்த்தேன். மூன்று கிராம் வெள்ளி. பாதி எங்கே தேறும், அன்றைக்குப் போய்வந்த பஸ் செலவு தேறினால் பெரிய விஷயம்.

இந்த வித்தை புதிதில்லை. ஜெர்மனியில் பெக்கர் என்று ஒருவர், 1772 முதல் 1830 வரை வாழ்ந்தவர், ரோமானிய, கிரேக்கக் காசுகளுக்கு முத்திரை வெட்டிப் போலி அடிப்பதில் மன்னன். புதுக்காசின் பளபளப்புப் போக, இரும்புத் தூளும் எண்ணெய்ப் பிசுக்கும் போட்ட பெட்டியில் காசுகளை வைத்து வண்டியில் கட்டிக்கொண்டு ஊர் சுற்றுவாராம். அவராவது முத்திரை வெட்டி அடித்தார். எனக்கு வந்து வாய்த்தவர் பசையில் மண்ணைக் குழைத்ததோடு சரி.

இப்போது டெனாரியஸ் என்று யார் வந்தாலும் நான் தலையைப் பார்ப்பதில்லை, விளிம்பைப் பார்க்கிறேன். அதே படம் வேறு எங்காவது இருக்கிறதா என்று பழைய ஏலப் படங்களில் தேடிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிக்கிறேன். ரசீதில் காசின் படம், எடை, விற்பவர் பெயர், போலி என்றால் திரும்ப எடுத்துக்கொள்வதாக ஒரு வரி. இதற்கு முகம் சுளிப்பவர் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம். ஆசையாக இருந்தால் எழும்பூர் அருங்காட்சியகம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

போன வாரம் சேலத்திலிருந்து தெரிந்தவர் ஒருவர் படம் அனுப்பி, "வாங்கலாமா?" என்று கேட்டார். காதிலிருந்து மூக்கு வரை வெட்டு, ஏழு மணியில் விரிசல். விலை 22,000 ஆகியிருக்கிறது. ஆறும் மாறியிருக்கிறது. இந்தத் தடவை நொய்யலாம், கொடுமணல் பக்கம் காட்டில் கிடைத்ததாம். "கழுவலீங்க, அப்படியே இருக்குது" என்று சொன்னாராம்.